கரண்ட் போன பிறகு தேடினால் கிடைக்குமா? வீட்டுக்கு ஏற்ற டார்ச் லைட் எது?

"மும்பையில் கரண்டே போகாது" என்று ஊரில் போய்ப் பெருமை பேசாத மும்பைத் தமிழர் உண்டா? விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனர், பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் எல்லோரிடமும் இதைச் சொல்லி ஆகிவிட்டது. அந்தப் பெருமையில் பெரும்பகுதி உண்மையும்தான். வெளியே மின் தொகுப்பில் கோளாறு ஏற்பட்டால், நகரத்தை மட்டும் தனியே கத்தரித்துக் கொண்டு உள்ளூர் மின் நிலையங்களைக் கொண்டே சமாளிக்கும் ஏற்பாடு மும்பைக்கு உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே பல மாநிலங்கள் இருளில் மூழ்கியபோது மும்பையில் விளக்கு அணையவில்லை.

ஆனால் 2020 அக்டோபர் 12-ந் தேதி காலை 10 மணி அளவில் அந்த ஏற்பாடும் கை கொடுக்கவில்லை. மின்சார ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரைத் தேடின. பகல் வேளையாக இருந்ததால் பலர் தப்பித்தார்கள்.

அதற்கு முன்பு 2005 ஜூலை 26-ந் தேதியை யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை! தண்ணீர் புகுந்த பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தியே வைத்தார்கள். நிறுத்தாமல் விட்டால் தண்ணீரில் நிற்பவர்கள் மீது மின்சாரம் பாயும். கலினா, குர்லா பக்கம் மாடிப்படியில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அன்று இரவு தங்கத்தைவிடப் பெரிய பொருளாக இருந்தது எரிகிற டார்ச் லைட்.

எரிகிற என்பதுதான் முக்கியம். டார்ச் லைட் இல்லாத வீடு அநேகமாகக் கிடையாது. கரண்ட் போன நிமிஷத்தில் எரிகிற டார்ச் லைட் உள்ள வீடு எத்தனை? பரண் மேலே ஒன்று, கட்டில் அடியில் ஒன்று, பையன் ரிப்பேர் பார்ப்பதாகக் கழற்றிப் போட்டது ஒன்று. மூன்றும் எரியாது! பிறகு தீக்குச்சியைத் தேடுவார்கள்.

கல்யாண், அம்பர்நாத், பத்லாபூர், பிவண்டி என்று வாடகை குறைவான இடம் தேடிக் குடியேறிய நம்மவர்களுக்கு மும்பை நகரத்துப் பெருமை பொருந்தாது. மழை பிடித்தால் அங்கே மின்தடை சகஜம். தாராவியில், கோலிவாடாவில் சந்து வீடுகளில் இருப்போருக்கோ கரண்ட் இருந்தாலும் டார்ச் வேண்டும். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி, இருட்டுச் சந்து வழியாகப் பொதுக் கழிப்பறைக்குப் போகவேண்டிய பெண்களும் வயதானவர்களும் எத்தனை பேர்! வயதான காலத்தில் ஒரு படி தவறினால் இடுப்பு எலும்பு போய்விடும். பிறகு படுக்கைதான்.

போனில் லைட் இருக்கிறதே!

"செல்போனில்தான் லைட் இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போன முதல் நிமிஷத்துக்குப் போன் லைட் போதும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நாலு மணி நேரம் கரண்ட் வரவில்லை என்றால், லைட்டுக்காகப் போன் பேட்டரியைத் தீர்த்துவிட்டு, டாக்டருக்கோ அண்ணனுக்கோ எதில் போன் செய்வது? மழையில் நனைந்தால், கை தவறித் தண்ணீரில் விழுந்தால் நஷ்டம் பல ஆயிரம். டார்ச் விழுந்தால் சில நூறு. தவிர, போன் வீட்டுக்காரரோடு வேலைக்குப் போய்விடும். டார்ச் வீட்டிலேயே இருக்கும்.

மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் கேஸ் சிலிண்டர், தொங்கும் சேலை, ஓடியாடும் பிள்ளைகள். அதற்கு நடுவே திறந்த தீ!

கரண்ட் போனதும் தானே எரியும் பேட்டரி பல்புகள் இப்போது கிடைக்கின்றன. சமையல் நடுவில் கரண்ட் போனால் அவை உதவும். ஆனால் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தால்தான் எரியும். அணைத்து வைத்திருந்தால் எரியாது. அதைக் கழற்றிக் கொண்டு மாடிப்படி இறங்கவும் வசதிப்படாது.

இரண்டு கட்டை, மூன்று கட்டை

முதலில் பழைய கதை கொஞ்சம். உலர் மின்கலத்தில் எரியும் கை விளக்குக்கு 1899-ல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவர் காப்புரிமை பெற்றார். அன்றைய கட்டைகள் சோனி. தொடர்ந்து எரிக்க முடியாது. பளிச் என்று ஒரு தரம் காட்டிவிட்டு அணைத்துவிட வேண்டும். அதனால்தான் 'பிளாஷ் லைட்' என்ற பெயரே வந்தது. அந்தக் கம்பெனிதான் பிறகு 'எவரெடி' ஆயிற்று. நம் நாட்டில் எவரெடியைத் தயாரித்து வந்தது யூனியன் கார்பைடு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததே, அதே கம்பெனி. சென்னை திருவொற்றியூரிலும் அதன் பேட்டரித் தொழிற்சாலை இருந்தது. அலகாபாத் 'ஜீப்' டார்ச்சையும் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்துப் பித்தளை டார்ச்சின் உறுதிக்கு இணை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது சரி. வெளிச்சத்தைப் பொறுத்தவரை சரியல்ல. இரண்டு கட்டை டார்ச்சில் இருந்த பல்பு 2.5 வோல்ட் பல்பு. உள்ளே மெல்லிய கம்பி சூடேறி எரியும். கட்டையில் இருந்து வரும் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். மீதி கொஞ்சம்தான் வெளிச்சம். கீழே விழுந்தால் கம்பி அறுந்துவிடும். இப்போது எல்.இ.டி. வந்துவிட்டது. அதே கட்டையில் பல மடங்கு வெளிச்சம். பல்பு பீஸ் போவது என்ற பேச்சே அபூர்வம். வெள்ளை எல்.இ.டி.க்கு அடிப்படையான நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமனோ, நகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பழைய பித்தளை டார்ச்சைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு, பழைய பல்பு இடத்தில் பொருந்தும் எல்.இ.டி. பல்பும் கிடைக்கிறது. இரண்டு கட்டையா, மூன்று கட்டையா என்று சொல்லி அதற்கு உரிய வோல்ட் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் பழைய பல்பு நல்லது. கட்டை தீரப் போகிறது என்றால் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, முன்கூட்டியே சொல்லிவிடும். புது டார்ச்களில் சில கடைசி வரை பளிச் என்று எரிந்துவிட்டுத் திடீரென்று அணைந்துவிடும். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிறு விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போதாவது எடுத்து எரிக்கும் வீட்டுக்கு, கட்டை போடும் எல்.இ.டி. டார்ச்சே முதல் தேர்வு. காரணம் எளிது. சார்ஜ் ஏற்றக் கரண்ட் வேண்டாம். கட்டை தீர்ந்தால் தெருமுனைக் கடையில் புதுக் கட்டை. முடிந்தது காரியம்.

கட்டையிலும் இரண்டு ஜாதி. சாதாரணக் கட்டையில் 'ஆர் 20' என்று போட்டிருக்கும். சிறிய பென்சில் செல் என்றால் 'ஆர் 6'. அல்கலைன் என்ற விலை கூடிய செல்லில் 'எல்.ஆர். 20', 'எல்.ஆர். 6' என்று முன்னால் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். அந்த ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும், கடைக்காரர் சொல்வது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். அல்கலைன் பல வருஷம் கெடாமல் இருக்கும். நீண்ட நேரம் தொடர்ந்து எரித்தாலும் தாங்கும். சாதாரணக் கட்டை விலை குறைவு. ஆனால் தீர்ந்த பிறகும் உள்ளேயே விட்டுவிட்டால் வெளித் தகரமான துத்தநாகம் அரித்து, ஒழுகி, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். அல்கலைனும் ஒழுகாது என்று நினைக்க வேண்டாம். தீர்ந்ததை மறந்துவிட்டால் அதுவும் ஒழுகும்.

எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், எந்த மாதம் வரை உபயோகிக்கலாம் என்ற தேதியையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புகழ்பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலிக் கட்டைகளும் உலவுகின்றன. எழுத்து மங்கி இருந்தால், ஒரு எழுத்து மாறி இருந்தால் தொடாதீர்கள்.

பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் கலந்து போடுவது நம்மவர்களிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். "ஒன்று புதுசு போட்டால் போதும், கொஞ்ச நாள் ஓடும்" என்பார்கள். ஓடாது. புதுக் கட்டை, பழையதை இழுத்துக் கொண்டு போய்ப் பழையது ஒழுக ஆரம்பிக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

தீர்ந்த கட்டையை வெயிலில் காய வைத்து மறுபடி போடும் வழக்கம் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் உண்டு. சூடுபட்டால் உள்ளே கொஞ்சம் உயிர் வருவது வாஸ்தவம். ஆனால் அது அரை மணி நேர உயிர். அதற்காக டார்ச்சையே பாழாக்கிக் கொள்ள வேண்டுமா? இப்போதைய லித்தியம் செல்லை வெயிலில் காய வைத்தால் ஆபத்து. அது தீப்பிடிக்கக் கூடிய சரக்கு.

சார்ஜர் லைட் படுத்தும் பாடு

லோகார் சாலிலும் பிளாட்பாரக் கடைகளிலும் அதிகம் விற்பது சார்ஜ் ஏற்றும் பிளாஸ்டிக் டார்ச். பின்னால் இழுத்தால் இரண்டு முள் வெளியே வரும். அதைப் பிளக்கில் செருக வேண்டியதுதான். விலை சல்லிசு. வெளிச்சமும் பிரமாதம். ஆனால் ஒரு வருஷம் ஆனதும், "சார்ஜே நிற்க மாட்டேன் என்கிறது" என்று புலம்பாத வீடு உண்டா?

குற்றம் பாதி பொருளிடம், பாதி நம்மிடம். இந்த மலிவு டார்ச்களில் பெரும்பாலும் இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. ஸ்கூட்டர் பேட்டரியின் தம்பி என்று சொல்லலாம். இதற்கு ஒரு குணம் உண்டு. வெறும் வயிற்றோடு கிடந்தால் செத்துவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால், உள்ளே ஈயத் தகட்டின் மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் பிளக்கில் வைத்தாலும் ஏறாது. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஆகவே உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றியே தீர வேண்டும். மழைக்காலத்துக்கு வாங்கி, தீபாவளிக்குப் பரண் மேலே போட்டு, அடுத்த மழைக்கு இறக்கினால் எரியுமா?

இன்னொன்று. கடை அலமாரியில் ஒரு வருஷமாகத் தூசி படிந்து கிடந்த சரக்கு, நீங்கள் வாங்குவதற்கு முன்பே பாதி செத்திருக்கும். அட்டைப் பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள்.

மறுபக்கம், இரவெல்லாம் பிளக்கிலேயே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மலிவு டார்ச்சில் சார்ஜ் நிரம்பியதும் தானே நிற்கும் ஏற்பாடு இருப்பதில்லை. பேட்டரி சூடாகி, உப்பி, வறண்டு போகும். பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை மணியோடு எடுத்துவிட வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. இந்த மலிவு டார்ச்களில் பலவற்றில் வீட்டு மின்சாரத்தைத் தனியே பிரித்துத் தரும் டிரான்ஸ்பார்மர் கிடையாது. பிளக்கில் இருக்கும்போது உள்ளே இருக்கும் கம்பிகள் எல்லாம் 230 வோல்ட் மெயினோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. உடம்பு விரிசல் விட்டிருந்தால், முன் மூடி கழன்றிருந்தால் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். சார்ஜில் இருக்கும்போது எடுத்து எரிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் பிளக்கில் செருகக் கூடாது. பிடுங்கிய உடனே முள்ளைத் தொடுவதும் வேண்டாம். உடைந்த சார்ஜர் டார்ச்சுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

'9,900' என்ற பொய்

கொஞ்சம் விலை கூடுதலான டார்ச்களில் லித்தியம் செல் இருக்கிறது. போன் சார்ஜர் கம்பியிலேயே ஏற்றிக் கொள்ளலாம். மெயின் கரண்டோடு நேரடித் தொடர்பு இல்லாததால் முன் சொன்ன பயம் இதில் இல்லை. சார்ஜை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். சார்ஜ் ஏற்றும் டார்ச்தான் வேண்டும் என்பவர்கள் நூறு இருநூறு கூடுதலாகக் கொடுத்து இதையே வாங்கலாம்.

ஆனால் இங்கேதான் பித்தலாட்டமும் அதிகம். டார்ச்சில் போடும் பெரிய லித்தியம் செல்லுக்கு '18650' என்று பெயர். 18 மில்லி மீட்டர் பருமன், 65 மில்லி மீட்டர் நீளம். அவ்வளவுதான் அந்த எண்ணின் அர்த்தம். உலகத்தின் முதல்தரக் கம்பெனிகள் இந்த அளவுச் செல்லில் அடைக்க முடிந்தது சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி. ஆனால் பிளாட்பாரத்தில் விற்கும் செல்லில் '9,900' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். முழுப் பொய்! அப்படி அச்சடித்தவர் எதையும் அச்சடிப்பார் என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிட வேண்டும். நல்ல செல் கிட்டத்தட்ட 45 கிராம் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரியும். போலி மிகவும் லேசாக இருக்கும்.

லித்தியம் செல்லுக்கு 'ஐ.எஸ். 16046' என்ற இந்தியத் தர எண்ணும், 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மெத்தை மேல், தலையணை அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உப்பிய செல்லையும், தண்ணீரில் ஊறிய செல்லையும் சார்ஜ் ஏற்றக் கூடாது.

மூன்று கிலோ மீட்டர் பாயுமா?

"சார், இது மூன்று கிலோ மீட்டர் பாயும்!" என்பார் கடைக்காரர். டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு அமெரிக்காவில் 2009-ல் ஓர் அளவு முறை வகுத்தார்கள். எந்தத் தூரத்தில் வெளிச்சம் பௌர்ணமி நிலவு அளவுக்குக் குறைகிறதோ, அதுதான் அந்த டார்ச்சின் தூரம். தூரம் இரண்டு மடங்கு ஆக வேண்டுமானால் வெளிச்சத்தின் குவிப்பு நான்கு மடங்கு வேண்டும். இந்தக் கணக்குப்படி 200 மீட்டர் பாய 10 ஆயிரம் காண்டிலா வேண்டும். 3 கிலோ மீட்டர் பாய 22 லட்சத்து 50 ஆயிரம் காண்டிலா! கையடக்கப் பிளாஸ்டிக் டார்ச்சில் அது வருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வந்தாலும்தான் எதற்கு? பத்தடி அறைக்குள் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளி பளிச்சிடும். காலடியில் கிடக்கும் அரிவாள்மனை தெரியாது. வீட்டுக்குத் தேவை பரவலான வெளிச்சம். 50 முதல் 100 லூமன் இருந்தால் ஓர் அறைக்குத் தாராளம். டார்ச்சை மேல்நோக்கி நிறுத்தி வைத்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுவதும் பரவும். ஆகவே செங்குத்தாக நிற்கக் கூடிய, அடிப்பாகம் தட்டையான டார்ச்சாகப் பாருங்கள்.

பெட்டியில் '20 மணி நேரம் எரியும்' என்று போட்டிருந்தால் அதையும் கொஞ்சம் கழித்துக் கொள்ள வேண்டும். அதே அளவு முறைப்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிந்த கணக்கே அது. இருபது மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று அர்த்தம் அல்ல. அந்த முறையைப் பின்பற்றாத கம்பெனிகள் எதைக் கணக்குப் பண்ணுகின்றன என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

கடையில் நின்று பாருங்கள்

டார்ச் கெட்டுப் போவது பெரும்பாலும் பல்பில் அல்ல, சுவிட்சில். கடையிலேயே இருபது தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். எரியவிட்டு உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். ஒரு தடவை கண் சிமிட்டினாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். கடையில் சிமிட்டுவது மழை இரவில் அணைந்தே போகும்.

பின் மூடியைத் திருகிக் கழற்றி மாட்டுங்கள். மரை சொரசொரப்பாக, கோணலாக ஏறினால் நிராகரியுங்கள். மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் மும்பை மழைக்காற்றின் ஈரத்துக்கே உள்ளே பச்சை பிடிக்கும். நல்ல டார்ச்சில் 'ஐ.பி.எக்ஸ். 4' என்று இருந்தால் மழைச் சாரல் தாங்கும். 'ஐ.பி.எக்ஸ். 7' என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வீட்டுக்கு முதலாவது போதும். ஜூலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு இரண்டாவது.

பலரும் கவனிக்காத ஒன்று, யார் உபயோகிக்கப் போகிறார்கள் என்பது. வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டியையும் கூட்டிக் கொண்டு போங்கள். அல்லது வாங்கி வந்ததும் பாட்டி கையில் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஒரு அழுத்தலுக்கு அதிக வெளிச்சம், இன்னொன்றுக்குக் குறைவு, மூன்றாவதற்குப் போலீஸ் வண்டி மாதிரி மின்னுவது என்று இருக்கும் டார்ச், நள்ளிரவில் எழுந்து போகும் வயதானவர்களுக்குத் தலைவலி. போட்டால் எரிய வேண்டும். அணைத்தால் அணைய வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

இட்லி வியாபாரத்துக்குத் தலை விளக்கு

தாராவி 90 அடி ரோடு பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அம்மா ஒருவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால்தான், ஆறு மணிக்குச் சைக்கிள்காரர்கள் தூக்கோடு கிளம்ப முடியும். ஒருநாள் மழையில் கரண்ட் போய், ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் கொதிக்கும் இட்லிப் பானை மூடியுமாகத் தடுமாறி, ஆவியில் கை வெந்துவிட்டது. கட்டு அவிழ்த்த மறுநாள் தெருமுனைக் கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, தலையில கட்டுற லைட்டு இருக்காமே, ஒண்ணு குடுங்க."

"என்ன அக்கா, சுரங்கத்துக்கா போறீய?"

"சுரங்கத்துக்குப் போறவனுக்கு ரெண்டு கை வேணும்னா, எனக்கு வேண்டாமா?"

கடைக்காரருக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் பெட்டி பெட்டியாகத் தலை விளக்கு வாங்கி வைத்தார். அக்கம்பக்கத்து இட்லிக் கூடங்களில் இப்போது பலர் தலையில் அது இருக்கிறது. இரண்டு கையும் வேலைக்கு வேண்டிய எவருக்கும் இதைவிட நல்லது இல்லை. சமையல், தையல், பியூஸ் மாற்றுவது, குழந்தைக்கு மருந்து ஊற்றுவது எதற்கும் உதவும். எலாஸ்டிக் பட்டை அகலமானதாக, விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்கக் கூடியதாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் கண்ணில்தான் அடிக்கும்.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் பையில் வைக்க வேண்டிய முதல் பொருள் டார்ச். மும்பையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வயல் வரப்பும் வைக்கோல் படப்பும் வேடிக்கை. பாம்பு அவர்களுக்குத் தெரியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. சராசரியாக வருஷத்துக்கு 58 ஆயிரம் உயிர்கள்! பெரும்பாலும் கிராமங்களில்தான். கண்ணாடி விரியன் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மிதித்த பிறகே தெரியும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். இருட்டிய பிறகு வாசல் தாண்டினால் காலுக்கு முன்னால் நாலடி தூரத்தில் டார்ச் அடித்துக் கொண்டு, செருப்புப் போட்டு நடக்க வேண்டும். தூரம் பாயும் டார்ச் இங்கேயும் அவசியம் இல்லை. பாம்பு தூரத்தில் இருந்தால் நமக்கென்ன?

விமானத்தில் போகிறவர்கள் தனியாக உள்ள லித்தியம் செல்லைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

டார்ச் உதவாத இரண்டு இடங்கள்

வீட்டில் கேஸ் வாடை வந்தால், "லைட் சுவிட்சைத்தானே தொடக் கூடாது, டார்ச் போடலாம்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போடக் கூடாது! டார்ச் சுவிட்சிலும் சிறு பொறி உண்டு. கதவு ஜன்னலைத் திறந்து, தடவிப் பார்த்து ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

இன்னொன்று மழைத் தண்ணீர். கலங்கிய தண்ணீருக்குள் எந்த டார்ச் வெளிச்சமும் ஊடுருவாது. மேல்மட்டம்தான் பளபளக்கும். 2017 ஆகஸ்ட் 29-ந் தேதி மழையில், தெருவில் தேங்கிய தண்ணீருக்கு அடியே திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து ஒரு டாக்டர் உயிரிழந்தார். தண்ணீரில் நடந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கையில் கம்பு வேண்டும். குடையே இருந்தாலும் மடக்கித் தரையைத் தட்டிக் கொண்டு போகலாம்.

ஆணி அடித்து மாட்டுங்கள்

கர்ஜத் தாண்டி லோனாவாலா ஏறும் மலைப்பாதையில், மழைக்காலம் முழுவதும் இரவில் தண்டவாளத்தைக் கண்காணித்து நடக்கும் ரயில்வே ஊழியர்கள் இருக்கிறார்கள். புனே வழியாகத் தமிழகம் செல்லும் ரயில்களில் நாம் தூங்கிக் கொண்டு போகும்போது, பாறை சரிந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அவர்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று நிறம் காட்டும் டார்ச்தான் அவர்களுடைய ஆயுதம். நடக்கப் புறப்படுவதற்கு முன்பு அதை எரித்துப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. ரயில் வரும்போது டார்ச்சைத் தட்டிக் கொண்டு நிற்க முடியாது அல்லவா?

வீட்டிலும் அதே வழக்கம் நல்லது. கரண்ட் பில் வரும் நாளை டார்ச் பார்க்கும் நாளாக வைத்துக் கொண்டால் மறக்காது. எடுத்து ஐந்து நிமிஷம் எரித்துப் பாருங்கள். பின்பு மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பராலோ மெல்லிய உப்புத்தாளாலோ தேய்த்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் தூசியும் ஒட்டும். நீண்ட நாள் உபயோகம் இல்லை என்றால் கட்டையை வெளியே எடுத்து டார்ச்சோடு ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இடம் முக்கியம். கதவை ஒட்டி, படுத்த இடத்தில் இருந்து எழுந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து, கயிறு போட்டு மாட்டி விடுங்கள். எடுத்தவர் அதே ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். பிள்ளைகள் விளையாடக் கேட்டால் அவர்களுக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுப்பது மலிவு.

தீர்ந்த கட்டையைச் சந்துச் சாக்கடையில் வீசுவது சரியல்ல. விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறு உபயோகத்துக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது 2022-ல் வந்த மத்திய அரசின் விதிகள் சுமத்தியிருக்கின்றன. எலெக்ட்ரானிக் கழிவு சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கும் கடைகளிலும் சொசைட்டிகளிலும் கொண்டு போய்ப் போடலாம். லித்தியம் செல் என்றால் அதன் இரண்டு முனைகளிலும் செல்லோ டேப் ஒட்டிய பிறகு போட வேண்டும். இல்லையேல் பெட்டிக்குள் வேறு உலோகத்தில் பட்டுத் தீப்பிடிக்கும்.